புலிக்காலுக்குக் குதிகால் எங்கே?

தில்லை நடராசரின் இருபுறமும் கைகூப்பி நிற்கும் இரண்டு முனிவர்களை நீங்கள் படங்களிலோ சிற்பங்களிலோ பார்த்திருப்பீர்கள். ஒருவர் பதஞ்சலி. இடுப்புக்கு மேலே மனிதர், கீழே பாம்பு. மற்றவர் வியாக்கிரபாதர். தமிழில் புலிக்கால் முனிவர். வண்டு தீண்டுவதற்கு முன்பே பூசைக்கு மலர் பறிக்க வேண்டும். அதற்கு வைகறை இருளில் வழுக்காமல் மரம் ஏற வேண்டும். ஆகவே புலியின் கால்களை வேண்டிப் பெற்றார் என்பது புராணக் கதை.

நீங்கள் ஓர் ஓவியக் கல்லூரி மாணவர் என்று வைத்துக்கொள்வோம். இந்தப் புலிக்கால் முனிவரை வரையவேண்டும். மனிதக் காலின் நுனியில் புலியின் பாதத்தை ஒட்டிவிட்டால் போதாது. இப்படி ஒருவர் இருந்தால் அவரால் எழுந்து நிற்க முடியும், நடக்க முடியும், மரம் ஏற முடியும் என்று பார்ப்பவர் நம்பவேண்டும். அப்படியானால் ஒரு சின்னக் கேள்வி எழுகிறது: அவருடைய குதிகால் எங்கே இருக்கும்?

இந்தக் கேள்விக்கு விடை தேடப் புறப்படும் மாணவர் ஓவியம் மட்டும் கற்பதில்லை. அவர் விலங்கியலும் கற்கிறார், இயற்பியலும் கற்கிறார். ஆனால் நம் பள்ளிகளில் ஓவிய வகுப்பும் உயிரியல் வகுப்பும் அடுத்தடுத்த அறைகளில் நடந்தாலும் ஒன்றையொன்று எட்டிப் பார்ப்பதில்லை. இது பெரிய இழப்பு. இரண்டு பாடங்களுக்கும் இழப்பு. மனிதனும் விலங்கும் கலந்த உருவங்களை, எலும்பும் தசையும் பொருந்த வரைந்து பார்ப்பதை உயிரியல் வகுப்பிலேயே ஒரு பயிற்சியாக வைக்கவேண்டும் என்பது என் கருத்து. ஏன் என்று சொல்கிறேன்.

எழுந்து நின்று பாருங்கள்

முதலில் புலிக்காலைக் கவனிப்போம். எழுந்து நில்லுங்கள். உங்கள் உள்ளங்கால், குதிகால் உட்பட, தரையில் பதிந்திருக்கிறது. கரடியும் இப்படித்தான் பாதம் முழுவதையும் ஊன்றி நடக்கிறது. இப்போது குதிகாலை உயர்த்தி, கால்விரல்களின் மேல் நில்லுங்கள். இதுதான் புலியின் நிலை. பூனைக்கும் நாய்க்கும் இதே நிலைதான்.

தெருவில் போகும் நாயின் பின்னங்காலைப் பாருங்கள். காலின் பாதி உயரத்தில் பின்பக்கமாகத் துருத்திக்கொண்டு ஒரு மூட்டு தெரியும். 'நாயின் முழங்கால் பின்பக்கம் மடங்குகிறது' என்று பலர் நினைக்கிறார்கள். அது முழங்கால் அன்று, கணுக்கால். துருத்தி நிற்கும் முனைதான் குதிகால். உண்மையான முழங்கால் வயிற்றை ஒட்டி மேலே இருக்கிறது. நம்முடையதைப் போலவே முன்பக்கம் நோக்கியிருக்கிறது. குதிரையும் பசுவும் இன்னும் ஒரு படி மேலே போய், விரல்களின் நுனியில் நிற்கின்றன. குளம்பு என்பது தடித்து வளர்ந்த நகமே. குதிரை ஒவ்வொரு காலிலும் ஒரே ஒரு விரலை, அதாவது நடுவிரலை மட்டும் ஊன்றி ஓடுகிறது!

ஆக, நம் முனிவரின் குதிகால் தரையில் இருக்காது. தரைக்கு மேலே உயர்ந்திருக்கும். இதோடு கதை முடிந்ததா? இல்லை. கால்விரல்களின் மேல் நின்றபடியே இன்னும் ஒரு நிமிடம் இருங்கள். என்ன நடக்கிறது? உடல் சற்றே முன்னால் சாய்கிறது. முழங்கால் மடங்கப் பார்க்கிறது. கெண்டைக்கால் தசை இறுகி வலிக்கத் தொடங்குகிறது. உடலின் ஈர்ப்பு மையத்திலிருந்து கீழே விடும் செங்குத்துக் கோடு, கால் ஊன்றிய இடத்துக்குள் விழுந்தால்தான் எந்தப் பொருளும் சாயாமல் நிற்கும். குதிகால் உயர்ந்துவிட்டால் ஊன்றும் இடம் சிறுத்துப்போகிறது. புலிக்கு நான்கு கால்கள் இருப்பதால் கவலை இல்லை. முனிவருக்கு இரண்டே கால்கள். ஆகவே அவரை முழங்கால் மடங்கியவராக, கெண்டைக்கால் தசை திரண்டவராக, முன்சாய்ந்த உடல் உடையவராக வரையவேண்டும். கையில் ஒரு தண்டத்தையும் கொடுத்துவிட்டால் அவருக்கு மிகவும் வசதியாக இருக்கும்!

இன்னும் இருக்கிறது. புலியின் முன்னங்காலில் ஐந்து விரல்கள், பின்னங்காலில் நான்கே. முனிவருக்குக் கிடைத்தவை பின்னங்கால்கள் என்றால் பாதத்துக்கு நான்கு விரல்கள்தான் வரையவேண்டும். புலி நடக்கும்போதும் நிற்கும்போதும் நகங்களை உள்ளே இழுத்துக்கொள்ளும். பற்றும்போதும் ஏறும்போதும்தான் வெளியே நீட்டும். ஆகவே நடராசர் முன் கைகூப்பி நிற்கும் முனிவரின் நகங்கள் மறைந்திருக்கவேண்டும். மரத்தில் ஏறும் முனிவரின் நகங்கள் நீண்டிருக்கவேண்டும். ஒரே உருவம், இரண்டு படங்கள்!

பாருங்கள், ஒரு குதிகாலைத் தேடப் போய் எத்தனை செய்திகள் கிடைத்துவிட்டன!

பாம்புக்கு இடுப்பு உண்டா?

அடுத்தவர் பதஞ்சலி. மனித உடல் எங்கே முடிகிறது, பாம்பு உடல் எங்கே தொடங்குகிறது? நமக்கு 12 இணை விலா எலும்புகள். அவற்றுக்குக் கீழே விலா இல்லாத இடுப்புப் பகுதி. அதற்கும் கீழே இடுப்பெலும்பு. பாம்புக்கோ முள்ளெலும்புகள் நூற்றுக்கணக்கில் உள்ளன. கழுத்துக்குச் சற்றுப் பின்னாலிருந்து வால் தொடங்கும் இடம்வரை விலா எலும்புகள் தொடர்கின்றன. பெரும்பாலான பாம்புகளுக்கு இடுப்பெலும்பே இல்லை. மலைப்பாம்பு போன்ற சிலவற்றில் மட்டும், முன்னோர்க்குக் கால் இருந்ததன் அடையாளமாகச் சிறு எச்சங்கள் உண்டு. ஆகவே ஓவிய மாணவர் ஒரு முடிவு எடுக்கவேண்டும். மனித இடுப்பெலும்பை வைத்துக்கொள்வதா, விட்டுவிடுவதா? வைத்துக்கொண்டால் இடுப்பு அகன்று, அதன் பிறகு பாம்பு உடல் குறுகும். விட்டுவிட்டால் விலா எலும்புகள் மார்பிலிருந்து தடையின்றிக் கீழே இறங்கிக்கொண்டே போகும்.

நிமிர்ந்து நிற்பதற்கும் கணக்கு உண்டு. இராஜநாகம் தன் உடல் நீளத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வரை தூக்கி நிற்கும். மீதிப் பகுதி தரையில் கிடந்து தாங்குகிறது. மனிதனின் மேலுடலைத் தாங்கிப் பிடிக்கவேண்டும் என்றால், கீழே சுருண்டு கிடக்கும் பாம்பு உடல் நீளமாகவும் பருமனாகவும் இருக்கவேண்டும். குட்டையான வால் ஒன்றை வரைந்துவிட்டால் உருவம் கவிழ்ந்துவிடும் என்று கண்ணே சொல்லிவிடும்.

இரண்டு எலும்புக்கூடுகள், ஒரே எழுத்துகள்

இப்படி ஓர் உடலின் உறுப்பை இன்னோர் உடலில் பொருத்திப் பார்க்க முடிவது எதனால்? அடிப்படை அமைப்பு ஒன்றாக இருப்பதனால்தான். உங்கள் கையில் மேற்கை எலும்பு ஒன்று, முன்கை எலும்புகள் இரண்டு, பிறகு மணிக்கட்டுச் சிற்றெலும்புகள், உள்ளங்கை எலும்புகள், விரல் எலும்புகள் என்ற வரிசை இருக்கிறது. வௌவாலின் இறக்கையிலும் திமிங்கிலத்தின் துடுப்பிலும் குதிரையின் முன்னங்காலிலும் அதே வரிசைதான். ஒன்றில் நீண்டிருக்கும், ஒன்றில் குறுகியிருக்கும், ஒன்றில் இணைந்திருக்கும். இவற்றைத்தான் உங்கள் பாடநூல் அமைப்பொத்த உறுப்புகள் என்கிறது.

இந்த ஒற்றுமையை முதலில் காட்டியவற்றுள் ஒன்று ஒரு படம் என்பதை மறக்கக்கூடாது. பிரான்சு நாட்டு இயற்கை அறிஞர் பியேர் பெலோன், பறவைகளைப் பற்றி 1555ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் மனித எலும்புக்கூட்டையும் பறவை எலும்புக்கூட்டையும் அருகருகே நிறுத்தி வரைந்து வெளியிட்டார். இரண்டிலும் ஒத்த எலும்புகளுக்கு ஒரே எழுத்தைக் குறியிட்டார். டார்வினின் 'உயிரினங்களின் தோற்றம்' 1859இல்தான் வெளிவந்தது. ஒற்றுமைக்குக் காரணம் பொதுவான முன்னோர்கள் என்று அது விளக்குவதற்கு 300 ஆண்டுகளுக்கு முன்பே, அந்த ஒற்றுமையைப் படம் கண்ணுக்குக் காட்டிவிட்டது!

இன்னொருவர் இங்கிலாந்தின் ஜார்ஜ் ஸ்டப்ஸ். 1724இல் பிறந்தவர், தோல் பதனிடும் தொழிலாளியின் மகன். குதிரையைச் சரியாக வரையவேண்டும் என்ற ஒரே நோக்கத்துடன், லிங்கன்ஷயர் பகுதியில் ஹார்க்ஸ்டோ என்னும் சிற்றூரில் ஒரு பண்ணை வீட்டை வாடகைக்கு எடுத்தார். இறந்த குதிரைகளை நிற்கும் நிலையிலேயே கொக்கிகளில் தொங்கவிட்டு, தோல், தசை, எலும்பு என்று அடுக்கடுக்காகப் பிரித்து, ஏறத்தாழ 18 மாதங்கள் வரைந்துகொண்டே இருந்தார். அதன் பயனாக 'குதிரையின் உடற்கூறியல்' என்ற நூல் 1766இல் வெளிவந்தது. ஓவியர்களும் படித்தார்கள், கால்நடை மருத்துவர்களும் படித்தார்கள்.

அத்துடன் அவர் ஓயவில்லை. 1795இல், 70 வயதைக் கடந்த நிலையில், மனிதன், புலி, கோழி ஆகிய மூன்றின் உடலமைப்பையும் ஒப்பிடும் பெரும்பணியைத் தொடங்கினார். மனித எலும்புக்கூட்டைக் குனிந்து தவழும் நிலையில் வரைந்தார். புலியின் எலும்புக்கூட்டோடு ஒப்பிட அதுவே வசதி. 1806இல் இறக்கும்வரை இந்த வேலை முடியவில்லை. நம் புலிக்கால் முனிவரை வரையப் போகும் மாணவருக்கு இதைவிட நல்ல வழிகாட்டி ஏது?

தலையை வைப்பது எப்படி?

மாமல்லபுரத்தில் மகிடாசுரமர்த்தினி குகைக்குப் போனால், எருமைத் தலையும் மனித உடலும் கொண்ட அசுரனைக் காணலாம். பல்லவச் சிற்பியின் கைவண்ணம் அது. அதைப் பார்த்துவிட்டு ஒரு மாணவர் தானும் எருமைத் தலை மனிதனை வரைய விரும்பினால், அவருக்கு ஒரு சிக்கல் காத்திருக்கிறது.

மண்டையோட்டில் ஒரு பெருந்துளை உண்டு. மூளையிலிருந்து தண்டுவடம் இறங்கும் வழி அது. மனிதன் நிமிர்ந்து நடப்பவன். ஆகவே இந்தத் துளை மண்டையோட்டின் அடிப்பக்கத்தில் இருக்கிறது. எருமையின் முதுகெலும்பு படுக்கைவாட்டில் இருப்பதால் துளை மண்டையோட்டின் பின்பக்கத்தில் இருக்கிறது. எருமையின் தலையை அப்படியே கழற்றி நிமிர்ந்த மனிதக் கழுத்தில் பொருத்தினால் என்ன ஆகும்? முகம் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்! முகம் எதிரே நோக்கவேண்டும் என்றால் கழுத்தை முன்பக்கமாக வளைக்கவேண்டும். வளைத்தால் கொம்புகளோடு கூடிய கனமான தலை முன்னால் தொங்கும். அதை இழுத்துப் பிடிக்கப் பிடரியில் பருத்த தசையும் உறுதியான நாரும் வேண்டும். அவை பற்றிக்கொள்ளத் தோள்பகுதி முள்ளெலும்புகளின் முட்கள் உயரமாக இருக்கவேண்டும். முதுகின் மேற்பகுதி மேடாகத் திமிர்ந்து நிற்கும். அந்த மேட்டை வரைந்த உடனே உருவத்துக்கு உயிர் வந்துவிடும்.

சிறகுக்கும் இதே நியாயம்தான். பறவையின் சிறகு அதன் கை. மனிதனுக்குக் கைகளும் இருக்கவேண்டும், முதுகில் சிறகுகளும் முளைக்கவேண்டும் என்றால் மொத்தம் ஆறு உறுப்புகள் ஆகின்றன. கிரேக்கக் கதைகளின் குதிரை மனிதனுக்கும் இதே சிக்கல்: நான்கு கால்கள், இரண்டு கைகள். ஆறு உறுப்புகள் கொண்ட முதுகெலும்பி இதுவரை ஒன்றுகூட அறியப்படவில்லை. கடற்கன்னியின் வாலும் சிந்திக்கத் தக்கது. மீன் தன் வாலைப் பக்கவாட்டில் அசைக்கிறது. பாலூட்டியான திமிங்கிலமும் ஓங்கிலும் மேலும் கீழுமாக அசைக்கின்றன. கடற்கன்னியின் முதுகெலும்பு நம்முடையது என்றால் அவளுடைய வால்துடுப்பு ஓங்கிலுக்கு உள்ளதுபோலப் படுக்கைவாட்டில்தான் இருக்கவேண்டும்.

சில மறுப்புகள்

'கற்பனைக்கு எலும்பு எதற்கு? கோயில் தூணில் யாளி செதுக்கிய சிற்பி உடற்கூறியல் படித்தாரா?' என்று சிலர் கேட்கக்கூடும். நல்ல கேள்விதான். கோயில் சிற்பியின் நோக்கம் வேறு. அவர் ஒரு கருத்தை, ஒரு ஆற்றலை, ஒரு பக்தியைக் கல்லில் காட்டினார். சிற்ப நூல்களின் அளவு முறைப்படி காட்டினார். அதை எலும்புக் கணக்கால் அளப்பது பேதைமை. நாம் பேசுவது, பார்ப்பவர் நம்பும்படியான ஓர் உயிரை வரைய விரும்பும் மாணவரைப் பற்றி. அவருக்கு விதி தெரிந்திருக்கவேண்டும். விதி தெரிந்தவர் வேண்டுமென்றே அதை மீறலாம். தெரியாதவர் மீறுவதும் இல்லை, பின்பற்றுவதும் இல்லை, தடுமாறுகிறார். கற்பனை விலங்கைக்கூட உண்மை விலங்குகளின் உறுப்புகளைக் கொண்டே அமைக்கவேண்டும் என்று லியொனார்தோ தா வின்சி அறிவுரை சொல்லியிருக்கிறார். அவருக்குக் கற்பனை குறைவு என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

'இப்படிப் படம் வரைந்தால் மாணவர் மனத்தில் அறிவியல் குழம்பிவிடாதா?' என்பது இரண்டாவது மறுப்பு. இதில் ஓரளவு நியாயம் இருக்கிறது. மனிதக் கையும் புலிக்காலும் ஒத்திருப்பதால் புலி மனிதனாக மாறியது என்று பொருள் இல்லை. இருவருக்கும் நெடுங்காலத்துக்கு முன் பொதுவான முன்னோர் இருந்தனர் என்பதே பொருள். இதை ஆசிரியர் அழுத்திச் சொல்லவேண்டும்.

இன்னும் முக்கியமான எச்சரிக்கையும் உண்டு. 17ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு அரசவை ஓவியர் சார்ல் லெ ப்ரன், மனித முகங்களை விலங்கு முகங்களோடு இணைத்துப் பல படங்கள் வரைந்தார். முகத்தின் சாயலே குணத்தைக் காட்டிவிடும் என்ற எண்ணம் அவற்றின் பின்னால் இருந்தது. பிற்காலத்தில் மண்டையோட்டின் கோணத்தையும் அளவையும் வைத்து, ஓர் இனம் உயர்ந்தது, ஓர் இனம் தாழ்ந்தது என்று வாதிட்டவர்களும் தோன்றினார்கள். இவை அனைத்தும் பொய் என்று அறிவியல் தள்ளிவிட்டது. ஆகவே உடன் படிக்கும் நண்பனை இழிவுபடுத்த அவன் முகத்தில் விலங்கை வரைவது ஓவியமும் அன்று, அறிவியலும் அன்று.

ஆனால் இந்த ஆபத்துகளுக்கு அஞ்சிப் பயிற்சியையே விட்டுவிடலாமா? கூடாது. எது பொருந்தும், எது பொருந்தாது என்று சோதிப்பதுதானே அறிவியல்! குதிரை மனிதனை வரையும்போதுதான், முதுகெலும்பிகளுக்கு நான்கு உறுப்புகள் என்ற உண்மை மனத்தில் தைக்கிறது. பாடநூலில் அதைப் பத்துமுறை படித்தாலும் அப்படித் தைக்காது.

'இதனால் யாருக்கு என்ன பயன்?' என்று கேட்பவர்களுக்கும் ஒரு சொல். மறைந்துபோன விலங்குகளை நாம் எப்படிக் கண்டோம்? எலும்பின் மேல் தசையையும், தசையின் மேல் தோலையும் வரைந்த ஓவியர்களால்தான். லண்டனில் கிரிஸ்டல் பேலஸ் பூங்காவுக்காக 1854இல் இக்வனோடான் என்னும் தொல்விலங்கின் பெரிய உருவத்தைச் செய்து வைத்தார்கள். கிடைத்த சில எலும்புகளைக் கொண்டு செய்ததால், கூரான ஓர் எலும்பை மூக்கின் மேல் கொம்பாகப் பொருத்திவிட்டார்கள். 1878இல் பெல்ஜியத்தின் பெர்னிசார் நிலக்கரிச் சுரங்கத்தில் முழு எலும்புக்கூடுகள் பல கிடைத்த பிறகு, அது கொம்பு அன்று, முன்கையின் கட்டைவிரல் முள் என்று தெரிந்தது! எந்த எலும்பு எங்கே பொருந்தும் என்று தேடும் இதே பயிற்சிதான் அந்தத் துறைக்கும் அடித்தளம்.

நீங்கள் செய்யவேண்டியது

மனிதனையும் விலங்கையும் இணைத்துப் பார்க்கும் ஆசை இன்று நேற்றுத் தோன்றியதன்று. ஜெர்மனியில் ஒரு குகையிலிருந்து 1939இல் கிடைத்த சிங்க மனிதன் சிற்பம், ஏறத்தாழ 40,000 ஆண்டுகளுக்கு முன் மாமத யானையின் தந்தத்தில் செதுக்கப்பட்டது. உயரம் 31 செ.மீ. அவ்வளவு பழமையான ஆசையை, 'படம் போட்டு நேரத்தை வீணாக்காதே' என்ற ஒரு வாக்கியத்தால் நாம் அடக்கிவிடுகிறோம். பத்தாம் வகுப்பு முடிந்தவுடன், நன்றாக வரையும் மாணவரிடம் 'ஓவியமா, அறிவியலா, ஒன்றைச் சொல்' என்கிறோம். ஸ்டப்ஸிடம் அப்படிக் கேட்டிருந்தால் அவர் எதைச் சொல்லியிருப்பார்?

உயிரியல் பதிவேட்டிலும் இன்று நடப்பது என்ன? பாடநூல் படத்தைப் பார்த்து அப்படியே வரைகிறோம்; கோடு இழுத்துப் பெயர் எழுதுகிறோம்; மதிப்பெண் வாங்குகிறோம். பார்த்து வரைவதில் பிழை இல்லை. ஆனால் அதோடு நின்றுவிட்டால், கை வேலை செய்கிறது, மூளை ஓய்வெடுக்கிறது. ஆண்டுக்கு ஒரே ஒரு கற்பனை உருவத்தை, எலும்புகளோடு வரைந்து, 'இந்த மூட்டை இங்கே வைத்ததற்குக் காரணம் இது' என்று எழுதச் சொன்னால் போதும். அந்த ஒரு பக்கத்தைப் படித்தாலே மாணவர் பாடத்தைப் புரிந்துகொண்டாரா என்பது ஆசிரியருக்குத் தெரிந்துவிடும்.

இதற்குக் கத்தியும் வேண்டாம், ஆய்வுக்கூடமும் வேண்டாம். வீட்டில் கோழி சமைத்தால் காலைக் கவனியுங்கள். 'லெக் பீஸ்' என்று நாம் சொல்லும் துண்டு கோழியின் கீழ்க்கால். அதற்குக் கீழே செதில் போர்த்திய குச்சி போன்ற பகுதி பாதம். இரண்டுக்கும் இடையில் பின்பக்கம் மடங்குவது கணுக்கால். இறைச்சி உண்ணாதவர்களுக்குத் தெருநாயும் ஆடும் பூனையும் இருக்கவே இருக்கின்றன. அவை நடக்கும்போதும் உட்காரும்போதும் முழங்கால் எது, குதிகால் எது, மணிக்கட்டு எது என்று அடையாளம் காணுங்கள். உங்கள் உடலையே அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு ஒரு தாளை எடுங்கள். ஆட்டுக்கால் மனிதனோ, வௌவால் கைச் சிறுமியோ, நம் புலிக்கால் முனிவரோ, விருப்பம் உங்களுடையது. முதலில் எலும்பு, அடுத்து தசை, கடைசியில்தான் தோலும் உரோமமும். வரைந்து முடித்ததும் மூன்று கேள்விகள் கேளுங்கள். எடையைத் தாங்குவது எது? மூட்டு எந்தப் பக்கம் மடங்கும்? ஒவ்வொரு எலும்புக்கும் உங்கள் உடலில் இணையான எலும்பு எது? இம்மூன்றுக்கும் விடை எழுதி, படத்தை உங்கள் ஓவிய ஆசிரியரிடமும் உயிரியல் ஆசிரியரிடமும் ஒரே நாளில் காட்டுங்கள்.

இருவரும் சேர்ந்து நின்று அந்தப் படத்தைப் பார்த்து வாதிட்டுக்கொண்டால், உங்கள் பள்ளியில் ஒரு நல்ல காரியம் தொடங்கிவிட்டது என்று பொருள்.